ஒரு எட்ஜை அளப்பது எப்படி: சிப் சோதனைக்கு அலைவடிவ மென்பொருள்

"அக்கா, ஸ்கோப்லயே ரைஸ் டைம்னு ஒரு பட்டன் இருக்கே, அப்புறம் எதுக்கு நாம தனியா சாஃப்ட்வேர் எழுதணும்?" எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். ஸ்கோப் என்பது வோல்டேஜ் நேரத்தோடு மாறுவதை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்; அலை கீழிருந்து மேலேயோ மேலிருந்து கீழேயோ மாறும் இடம் எட்ஜ்; மேலே ஏற எடுக்கும் நேரம் ரைஸ் டைம். நான் பெங்களூரில் போஸ்ட்-சிலிக்கான் வேலிடேஷன் வேலை பார்க்கிறேன். ஃபேபிலிருந்து (சிப் செய்யும் ஆலையிலிருந்து) வந்து இறங்கும் முதல் சிப்புகளை போர்டில் மாட்டி, டேட்டாஷீட்டில் அச்சாகப் போகும் எண்களை ஒவ்வொன்றாக அளப்பது எங்கள் வேலை. அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் பலகையில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன்.

ஒரு ஐ2சி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ள பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த இரண்டு கம்பி பஸ்; ஒன்று க்ளாக், ஒன்று டேட்டா. சிப்புகள் கம்பியைக் கீழே மட்டும் இழுக்கும்; விட்டுவிட்டால் சப்ளையோடு இணைத்த புல்-அப் ரெசிஸ்டர் அதை மேலே இழுக்கும். புல்-அப் ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓம், கம்பியின் மொத்த கெபாசிடன்ஸ் 100 பிகோஃபாரட் என்றால் டைம் கான்ஸ்டன்ட் 220 நானோ செகண்ட். கம்பியை விட்டவுடன் வோல்டேஜ் எக்ஸ்பொனென்ஷியலாக ஏறும். அதை 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை அளந்தால் 483 நானோ செகண்ட். 30-இலிருந்து 70 வரை அளந்தால் 186 நானோ செகண்ட். 400 கிலோஹெர்ட்ஸ் ஃபாஸ்ட் மோடில் ரைஸ் டைமுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 300 நானோ செகண்ட். ஸ்கோப்பின் பட்டன் வழக்கமாக 10–90 அளக்கும். ஐ2சி விதி கேட்பதோ 30–70. பட்டனை நம்பினால் சிப் ஃபெயில், விதியைப் படித்தால் சிப் பாஸ். அலை ஒன்றேதான்.

ஆகவே நாம் எழுதும் மென்பொருள் எண்ணைச் சொன்னால் போதாது. எந்த வரையறைப்படி, எந்த சாம்பிள்களிலிருந்து (ஸ்கோப் சீரான இடைவெளியில் எடுத்த வோல்டேஜ் புள்ளிகளிலிருந்து) அந்த எண் வந்தது என்று ஆறு மாதம் கழித்து டிசைன் டீம் கேட்டாலும் காட்டத் தெரிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான். உதாரணம் முழுக்க இந்த ஐ2சி எட்ஜையே வைத்துக்கொள்கிறேன். க்ளாக், ரீசெட், பவர்-அப் அலை எதுவானாலும் வழி இதேதான்.

முதலில் ஒரு பொய் அலை

பலரும் கருவியோடு பேசும் பகுதியிலிருந்து ஆரம்பிப்பார்கள். திரையில் அலை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போலத் தோன்றும். நான் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடச் சொல்வேன். முதல் நாள் ஸ்கோப்பே வேண்டாம். பைத்தானும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும் போதும்.

விடை தெரிந்த ஓர் அலையை நீங்களே செய்யுங்கள். 1 நானோ செகண்ட் இடைவெளியில் சில ஆயிரம் புள்ளிகள், சைபரிலிருந்து 1.8 வோல்ட்டை நோக்கி 220 நானோ செகண்ட் டைம் கான்ஸ்டன்ட்டில் ஏறும் வளைவு. 30–70 ரைஸ் டைம் எவ்வளவு வர வேண்டும் என்று பேப்பரிலேயே போட்டுவிடலாம்: 7-ஐ 3-ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை 220-ஆல் பெருக்கினால் 186.4. உங்கள் ஃபங்ஷன் இந்த எண்ணை 0.1 நானோ செகண்டுக்குள் திருப்பித் தரும் வரை வேறு எதையும் தொட வேண்டாம். அதற்கு இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே நேர்கோடு போட்டு, கோடு த்ரெஷோல்டை, அதாவது 30 அல்லது 70 சதவீத அளவை, தொடும் நேரத்தை எடுக்க வேண்டும். த்ரெஷோல்டைத் தாண்டிய முதல் சாம்பிளின் நேரத்தையே விடையாக எடுத்தால், ஒவ்வொரு முனையிலும் ஒரு நானோ செகண்ட் வரை பிசகும்.

பிறகு அந்த அலையை அழுக்காக்குங்கள். 8 பிட்டுக்கு, அதாவது 256 படிகளுக்கு, முழுமைப்படுத்துங்கள், 5 மில்லிவோல்ட் நாய்ஸ் (தாறுமாறான இரைச்சல்) சேருங்கள், தொடக்க நேரத்தை 0.3 நானோ செகண்ட் நகர்த்துங்கள். விடை எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருளின் சொந்தப் பிழை அதுதான். சிப்பின் மேல் பழி போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய எண்.

அடுத்து, விடையே இல்லாத அலைகள். ஏறாமல் கிடக்கும் கோடு, பதிவு தொடங்கும்போதே மேலே இருக்கும் கோடு, பாதி ஏறும்போது பதிவு முடிந்துவிடும் எட்ஜ். இவற்றுக்கு ஃபங்ஷன் என்ன திருப்பித் தர வேண்டும்? சைபர் தரவே கூடாது. சைபர் 300-ஐ விடச் சிறியது. செத்த சிப் பாஸ் ஆகிவிடும். 'எண் அல்ல' என்ற சிறப்பு மதிப்பைத் தந்தாலும் வலை ஒன்று உண்டு: அது பெரிதா, சிறிதா, சமமா என்று எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றே பதில் வரும். நிரலில் '300-ஐத் தாண்டியதா, தாண்டினால் ஃபெயில்' என்று எழுதியிருந்தால் தாண்டவில்லை என்று சொல்லி பாஸ் போட்டுவிடும். 'சைபரை விடப் பெரிதாகவும் 300-க்குள்ளும் இருக்கிறதா, இருந்தால் மட்டும் பாஸ்' என்று திருப்பி எழுதுங்கள். கூடவே, அளக்க முடியாமல் போன காரணத்தை ஒரு வரியாகத் திருப்பித் தாருங்கள். 'எட்ஜ் இல்லை' என்பதும் 'எட்ஜ் பாதியில் அறுந்தது' என்பதும் லேபில் வேறு வேறு வேலைகள்.

எட்ஜைக் கண்டுபிடிப்பது

நிஜ அலையில் நாய்ஸ் இருக்கும். 70 சதவீதப் புள்ளியில் நம் வளைவின் வேகம் ஒரு நானோ செகண்டுக்கு சுமார் 2.5 மில்லிவோல்ட்தான். நாய்ஸ் 10 மில்லிவோல்ட் என்றால் அலை அந்தக் கோட்டை மேலும் கீழுமாகப் பல முறை கடக்கும். 'கோட்டைக் கடக்கும் ஒவ்வொன்றும் ஒரு எட்ஜ்' என்று எழுதிய நிரல், ஒரு எட்ஜை ஏழெட்டு எட்ஜாக எண்ணிவிடும்.

இதற்கு இரண்டு நிலை வைத்துக்கொள்ளுங்கள்: கீழே, மேலே. 30-க்குக் கீழ் போனால் 'கீழே'. 70-ஐத் தாண்டினால் 'மேலே'. நடுவில் எங்கே திரிந்தாலும் பழைய நிலை மாறாது. 'கீழே'யிலிருந்து 'மேலே'க்கு மாறும் இடம் ஒரு ஏறு எட்ஜ். அந்த இடத்திலிருந்து பின்னால் நடந்து, 30-ஐக் கடைசியாகக் கடந்த நேரத்தை எடுங்கள். 70-ஐ முதலில் கடந்த நேரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இரண்டின் வித்தியாசம் ரைஸ் டைம். 'கடைசி', 'முதல்' என்ற இந்த இரண்டு சொற்களை ரிப்போர்ட்டிலும் எழுதுங்கள். மாற்றி எடுத்தால் எண் மாறும். நாய்ஸ் அதிகமான போர்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறும்.

இதிலும் ஒரு சாய்வு உண்டு. நாய்ஸில் 'முதல் கடப்பு' எப்போதும் கொஞ்சம் சீக்கிரமாகவும் 'கடைசிக் கடப்பு' கொஞ்சம் தாமதமாகவும் வரும். ஆகவே ரைஸ் டைம் உண்மையை விடக் குறைவாகத் தெரியும், நமக்குச் சாதகமான பக்கம். இது எனக்குப் பிடிப்பதில்லை. கடப்பு நேரத்தைச் சுற்றி இரு பக்கமும் 15 சாம்பிள் எடுத்து, அவற்றின் ஊடே லீஸ்ட் ஸ்கொயர்ஸ் நேர்கோடு (எல்லாப் புள்ளிகளுக்கும் மொத்தத்தில் மிக நெருங்கிப் போகும் கோடு) போட்டு, அந்தக் கோடு த்ரெஷோல்டைத் தொடும் நேரத்தை எடுத்தால் சாய்வு பெருமளவு போய்விடும். அந்த 30 சாம்பிளையும் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். '68-க்கும் 72-க்கும் நடுவில் உள்ளவை' என்று வோல்டேஜைப் பார்த்துப் பொறுக்கினால், நாய்ஸால் வெளியே தள்ளப்பட்ட புள்ளிகள் விடுபட்டுக் கோட்டின் சரிவே கெட்டுவிடும். ஜன்னலை ரொம்ப அகலமாக்கவும் வேண்டாம், வளைவு உள்ளே வந்துவிடும். எவ்வளவு அகலம் சரி என்று உங்கள் பொய் அலையிடமே கேளுங்கள்.

ஐ2சியில் இன்னொரு சங்கதி. மாஸ்டர் (பேச்சைத் தொடங்கும் சிப்) அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்குப் பிறகும் அது டேட்டா கம்பியை விட்டுவிடும்; 'கிடைத்தது' என்று சொல்ல ஸ்லேவ் (பதில் சொல்லும் சிப்) கம்பியைப் பிடித்துக் கீழே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தால் கம்பி கொஞ்சம் ஏறி, உடனே விழும். க்ளாக் கீழே இருக்கும்போது நடப்பதால் பஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அது 30-ஐத் தாண்டி 70-ஐத் தொடாமல் திரும்பும் குட்டை பல்ஸ். மேலே சொன்ன இரண்டு நிலை முறை அதை எட்ஜாக எடுக்காது, நல்லது. தூக்கி எறியாமல் எத்தனை வந்தன என்று தனியாக எண்ணி எழுதிவையுங்கள். ஒரு வெப்பநிலையில் மட்டும் அந்த எண்ணிக்கை கூடுகிறது என்றால் டிசைன் டீம் அதைக் கேட்க ஆசைப்படுவார்கள்.

30, 70 என்பது எதன் சதவீதம்

ஐ2சியில் சப்ளை வோல்டேஜின் சதவீதம். முன்பு பிலிப்ஸின் சிப் பிரிவாக இருந்த என்எக்ஸ்பி வெளியிடும் ஐ2சி விதி ஆவணமான யூஎம்10204-இல் அப்படித்தான் இருக்கிறது. 1.8 வோல்ட் சப்ளை என்றால் 0.54, 1.26. அந்த 1.8-ஐ நிரலில் எழுதிவைத்து விடாதீர்கள். பவர் சப்ளையில் 1.8 என்று தெரிந்தாலும் சிப்பின் காலில் 1.77 இருக்கலாம். அதையும் அளந்து உள்ளே கொடுங்கள்.

சாதாரண புஷ்-புல் அவுட்புட்டின் (மேலேயும் கீழேயும் சிப்பே இழுக்கும் அவுட்புட்டின்) ரைஸ் டைம் வேறு கதை. அங்கே சதவீதம் அலையின் சொந்த உயரத்தைப் பொறுத்தது. அந்த உயரத்தை அலையிலிருந்தே எடுக்க வேண்டும். மேக்ஸிமம், மினிமம் எடுத்தால் ஓவர்ஷூட் (நிலையைத் தாண்டித் துள்ளும் பகுதி) உள்ளே வந்து உயரம் ஊதிவிடும். அலைகளை அளப்பதற்கான ஐ-டிரிபிள்-ஈ 181 தரநிலை சொல்லும் வழிகளில் ஒன்று ஹிஸ்டோகிராம்: எல்லா சாம்பிள்களையும் வோல்டேஜ் வாரியாகக் குவித்து, கீழ்ப்பாதியில் உயரமான குவியல் எங்கே, மேல்பாதியில் எங்கே என்று பாருங்கள். அவைதான் கீழ் நிலை, மேல் நிலை. பதிவில் அலை போதிய நேரம் இரண்டு நிலையிலும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஸ்கோப்

கருவிகளோடு பேசும் மொழி பழையது, அதனால் நிலையானது. கருவிகளோடு பேசும் முறைக்கான ஐ-டிரிபிள்-ஈ 488.2 தரநிலை 1987-இல் வந்தது, அதன் மேல் எஸ்சிபிஐ என்ற பொதுக் கட்டளைத் தொகுப்பு 1990-இல். இன்று யூஎஸ்பியிலோ நெட்வொர்க் கேபிளிலோ பேசினாலும் உள்ளே போவது அதே எழுத்து வரிகள்தான். பைத்தானில் இதற்கு பைவிசா என்ற நூலகம் இருக்கிறது.

ஸ்கோப்பிடமிருந்து வோல்ட்டை எழுத்தாகக் கேட்காதீர்கள், பைனரியாகக் கேளுங்கள். எழுத்தாக வந்தால் ஒரு புள்ளிக்குப் பத்து பைட்டுக்கு மேல் போகும், பைனரியில் ஒன்று. வரும் பொதியின் தலையில் ஒரு # குறி, அடுத்து ஓர் இலக்கம், அந்த இலக்கம் சொல்லும் அளவுக்கு எண்கள், அப்புறம் தரவு. #800010000 என்று வந்தால், அடுத்த 8 இலக்கங்கள் நீளத்தைச் சொல்கின்றன, நீளம் 10,000 பைட் என்று அர்த்தம். பைவிசாவே இதைப் பிரித்துக் கொடுக்கும். ஆனாலும் வந்த நீளமும் சொன்ன நீளமும் ஒன்றா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் சாக்கெட் வழியாகப் படிக்கும்போது 'வரி முடிவு வந்ததும் நிறுத்து' என்ற அமைப்பு இருந்தால், வரி முடிவு என்பது 10 என்ற பைட். அலையில் ஒரு சாம்பிள் தற்செயலாக 10 ஆக இருந்தாலே வாசிப்பு அங்கே நின்றுவிடும். சில அலைகளில் மட்டும் தரவு அறுந்து வருகிறது, மறுபடி ஓட்டினால் சரியாக வருகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

வந்த பைட்டுகள் வோல்ட் அல்ல, ஏடிசி (ஸ்கோப்பில் வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) குறியீடுகள். கூடவே பதிவின் அளவுகளைச் சொல்லும் முன்னுரையையும் (ப்ரீஆம்பிள்) கேட்டு வாங்க வேண்டும்; அதிலுள்ள மூன்று எண்களை வைத்து, வோல்ட் = (குறியீடு − மையக் குறியீடு) × ஒரு படியின் அளவு + தொடக்க வோல்ட் என்று மாற்றலாம். கருவிக்குக் கருவி பெயர் மாறும், கழிக்கும் வரிசை கொஞ்சம் மாறும், கருத்து இதுதான். பைட் குறியுள்ளதா குறியற்றதா, 16 பிட் என்றால் பெரிய பைட் முதலில் வருகிறதா என்று மேனுவலில் பாருங்கள். இன்னொன்று: சில ஸ்கோப்புகள் கேட்காவிட்டால் திரைக்காகச் சுருக்கிய புள்ளிகளைத்தான் அனுப்பும். மெமரியில் உள்ள முழுப் பதிவு வேண்டுமென்று தனியாகச் சொல்ல வேண்டும். முன்னுரையில் வரும் நேர இடைவெளியையும் நீங்கள் கேட்ட சாம்பிள் வேகத்தையும் ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

ஒற்றை ட்ரிகர் (எந்த நிகழ்வு வந்ததும் ஒரு முறை பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை) வைத்து, பதிவு நின்ற பிறகுதான் படியுங்கள். 'முடிந்ததும் சொல்' என்று ஒரே கேள்வியில் காத்திருந்தால், சிப் பேசாமல் இருக்கும் நாளில் ட்ரிகர் வராது, நிரல் அங்கேயே தொங்கும். நிலையை அடிக்கடி கேட்டு, குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் 'ட்ரிகர் வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த சிப்புக்குப் போகட்டும். இரவு முழுக்க ஓடும் சோதனையில் இது முக்கியம்.

அளப்பதற்கு முன் சில நிராகரிப்புகள். குறியீடுகளில் 0 அல்லது 255 தொடர்ச்சியாக வந்தால் அலை திரைக்கு வெளியே போய் நறுக்கப்பட்டிருக்கிறது, அளக்க மறுத்துவிடுங்கள். அலை திரையில் ரொம்பச் சின்னதாக இருந்தாலும் மறுக்க வேண்டும். கட்டத்துக்கு 250 மில்லிவோல்ட், 8 கட்டம், 8 பிட் என்றால் ஒரு படி 7.8 மில்லிவோல்ட். 70 சதவீதப் புள்ளியில் அது 3 நானோ செகண்டுக்குச் சமம். கட்டத்துக்கு 1 வோல்ட் என்று வைத்திருந்தால் ஒரு படியே 13 நானோ செகண்டுக்கு வந்துவிடும். ஆவரேஜ் மோடு ஆனில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாய்ஸ் குறைந்து அலை அழகாகத் தெரியும், ஆனால் ஜிட்டர் (வரும் நேரத்தில் சின்ன ஆட்டம்) உள்ள வேகமான எட்ஜுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் எட்ஜ் தன் உண்மையான வேகத்தை விட மெதுவாகத் தெரியும். அழகான அலையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

புரோபும் சர்க்யூட்டின் ஒரு பகுதி

இதை மென்பொருள் சரிசெய்ய முடியாது, ஆனால் பதிவு செய்ய முடியும். ஸ்கோப்பை சர்க்யூட்டோடு இணைக்கும் கம்பிதான் புரோப். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10 மடங்கு பாசிவ் புரோப் ஒன்றின் முனையில் சுமார் 10 பிகோஃபாரட் இருக்கும். நம் 100 பிகோஃபாரட் பஸ் 110 ஆகிவிடும், 186 நானோ செகண்ட் 205 ஆகிவிடும். வரம்பு 300 என்பதால் இங்கே தப்பித்தோம். வரம்புக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பில் தப்ப முடியாது. புரோபின் மாடலையும் சீரியல் எண்ணையும் கேட்காமல் அளவைத் தொடங்க விடாத மென்பொருள்தான் நல்ல மென்பொருள்.

ஸ்கோப்பின் வேகமும் அப்படியே. அதன் சொந்த ரைஸ் டைம் 10–90 கணக்கில் சுமார் 0.35-ஐ பேண்ட்விட்த்தால் (ஸ்கோப் கையாளும் உச்ச அதிர்வெண்ணால்) வகுத்தால் வரும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு 3.5 நானோ செகண்ட். ஐ2சிக்கு இது தூசு. 1 நானோ செகண்ட் எட்ஜ் உள்ள க்ளாக்கை அதில் அளந்தால், நீங்கள் அளப்பது ஸ்கோப்பைத்தான்.

எதைச் சேமிப்பது

வோல்டாக மாற்றிய எண்களைச் சேமிக்காதீர்கள். ஏடிசி குறியீடுகளை வந்தபடியே சேமியுங்கள். ஒரு கோடி புள்ளி 10 மெகாபைட். அதையே 64 பிட் தசம எண்ணாக வைத்தால் 80 மெகாபைட். மூன்று வோல்டேஜ் (1.62, 1.8, 1.98), மூன்று வெப்பநிலை, ஐந்து சிப் என்று ஓட்டினால் 45 நிலைமைகள். ஒவ்வொன்றிலும் பல பதிவுகள், இரண்டு சேனல்கள் என்று பெருக்கிப் பாருங்கள்.

பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு: சிப் எண், சப்ளை, வெப்பநிலை, ஸ்கோப்பின் அடையாள வரி, முன்னுரை முழுவதும், புரோப் விவரம், பேண்ட்விட்த் லிமிட் நிலை, உங்கள் நிரலின் கிட் கமிட் எண் (எந்தப் பதிப்பு என்று சொல்லும் அடையாளம்). அளவை ஃபங்ஷன் இந்தக் கோப்புகளிலிருந்து மட்டுமே படிக்க வேண்டும். ஸ்கோப்பிலிருந்து நேராகப் படித்து அளக்கும் குறுக்கு வழி இருக்கவே கூடாது. அப்போதுதான் நாளைக்கு யாராவது 'வரையறை 20–80 என்று மாறிவிட்டது' என்றால், வெப்பநிலைச் சோதனைக்கான ஓவனைத் திரும்பச் சூடாக்காமல் மேசையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் மறுபடி அளக்கலாம். விநோதமான அலை எது வந்தாலும் அதன் கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, பொய் அலைகளோடு சேர்த்து, நிரலைத் தொடும்போதெல்லாம் ஓட்டுங்கள்.

திரையில் காட்டுவதற்கு ஒரு வார்த்தை. ஒரு கோடி புள்ளிகளை 1,920 பிக்செல் அகலத்தில் காட்ட, சுமார் 5,200-க்கு ஒன்று என்று பொறுக்கினால் குட்டை பல்ஸ் எல்லாம் மறைந்துபோகும். ஒவ்வொரு பிக்செலுக்கும் அதற்குள் வரும் சாம்பிள்களின் மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் எடுத்து ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 30, 70 கோடுகளையும் கடப்புப் புள்ளிகளையும் அதே படத்தில் வரைந்து, ஃபெயில் ஆன ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட்டில் ஒட்டுங்கள். பாதி வாக்குவாதம் அந்தப் படத்திலேயே தீரும்.

எண்ணை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன்

ஒரே சிப்பை அசைக்காமல் 30 முறை அளங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் சாக்கெட்டிலிருந்து எடுத்து மாட்டி 30 முறை. முதல் பரவல் மென்பொருளும் ஸ்கோப்பும் சேர்ந்து செய்வது. இரண்டாவதில் கூடுதலாக வருவது சாக்கெட்டும் கையும். இந்தப் பரவலைப் பார்த்துத்தான் வரம்பை எவ்வளவு உள்ளே இழுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அது தெரியாமல் 299 பாஸ், 301 ஃபெயில் என்று எழுதுவது வெறும் சீட்டுக் குலுக்கல்.

புரொடக்ஷன் டெஸ்டர் ஆட்கள் உங்கள் எண்களைப் பெரும்பாலும் எஸ்டிடிஎஃப் கோப்பாகக் கேட்பார்கள். சிப் சோதனை முடிவுகளுக்காக டெஸ்டர் நிறுவனமான டெராடைன் உருவாக்கிய கோப்பு வடிவம், தொழில் முழுக்கப் பரவிவிட்டது. அதன் அளவைப் பதிவில் முடிவை அடிப்படை அலகில்தான் எழுத வேண்டும். நானோ என்பது காட்டுவதற்கான தனிப் புலம், அதில் 9 என்று வரும். ஆக 186.4 என்று எழுதி அலகு நானோ செகண்ட் என்று போடாதீர்கள். செகண்டில் 0.0000001864 என்று எழுதி, அலகு செகண்ட், காட்டும் அளவு 9 என்று கொடுங்கள். வரம்பும் செகண்டிலேயே போக வேண்டும், அதற்கும் தனியாக ஒரு 9 உண்டு. அனுப்புவதற்கு முன் அவர்களுடைய வாசிப்பானிலேயே ஒரு கோப்பைத் திறந்து, முடிவும் வரம்பும் ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.